கண்ணாடிக்கான திட்டு

ஜன்னல் பக்கம் அவளே உக்காரட்டும்க்கா, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா. காத்து மூஞ்சில பட்டாத்தான் தூங்குவா. அவ தூங்கினா ராமநாதபுரம் போற வரைக்கும் இந்த பஸ்ஸுக்கே நிம்மதி. சிரிக்காதீகக்கா, நெசமாத்தான் சொல்றேன். காலையில வரும்போது கண்டக்டர் எங்களை மானாமதுரையிலயே இறக்கி விடப் பாத்தாரு. முன் சீட்டுல ஒரு பெரியவர் இருந்தாரு, பாவம், பேப்பர் படிச்சிட்டு வந்தாரு. அவரு மூக்குக் கண்ணாடியை வெடுக்குன்னு புடுங்கிட்டா. நான் கையைப் புடிச்சதால தப்பிச்சது. இல்லேன்னா ரோட்டுல கிடந்திருக்கும்.

எதுக்குப் புடுங்கினா? அதைத்தான் எல்லாரும் கேக்குறாக. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன்க்கா மதுரைக்கு அலையுறேன். நான் பாட்டுக்கு வெளியே பாத்துட்டு வந்தேன். பார்த்திபனூர் தாண்டி ஒரு வேன் நின்னுச்சு. ஏர்போர்ட்டுக்குப் போற வேன். ஒரு பையனை வெளிநாட்டுக்கு அனுப்புறாக போல, வழியில நிறுத்தி டீ குடிச்சிட்டு இருந்தாக. பெட்டியெல்லாம் மேல கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சு. அதைப் பாத்துட்டு இருந்தேன், அவ்வளவுதான். திரும்பிப் பாக்குறதுக்குள்ள இவ கையில அந்தப் பெரியவரோட கண்ணாடி.

பேரு ருகையா. ரெண்டாங் கிளாஸு. தூங்கும்போது பாருங்க, யாராவது குத்தம் சொல்ல முடியுமா? முழிச்சாத்தான் தெரியும். வான்னா போவா, போன்னா வருவா. சாப்பாட்டைத் தட்டோட தள்ளுவா. வகுப்புல எழுதுன்னா பென்சிலைக் கடிச்சுத் துப்புவா. டீச்சர் கையைக் கூட ஒரு நாள் கடிச்சிட்டா. என்னையக் கூப்பிட்டு விட்டாக. பெரிய டீச்சர் எச்செம் ரூம்ல நிக்க வச்சு அந்தம்மா என்னைய ஒரு புடி புடிச்சாக பாருங்க, புள்ளை வளர்க்கத் தெரியுமா, வீட்ல என்ன சொல்லிக் குடுக்குறீங்க, அப்படி இப்படின்னு. முந்தானையை இழுத்து வாயில வச்சுக்கிட்டு நின்னேன். அதுவரைக்கும் என் பக்கத்துல சிலை மாதிரி நின்ன இவ, மேசையில இருந்த கண்ணாடி கிளாஸை எடுத்து, தண்ணியோட, தரையில போட்டா. எச்செம் சேலையெல்லாம் தண்ணி. இன்னொரு தடவை இப்படி நடந்தா டிசி குடுத்துருவோம்னுட்டாக. எங்க ஊருல இருக்கிறது அந்த ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம்தான். அங்க படிக்கணும்ங்கிறது அவுக ஆசை.

அவுகன்னா, இவ வாப்பா. சவுதியில தமாம்ல இருக்காக. ஏசி மெக்கானிக்கு.

எங்க பக்கத்துல பாதி வீட்டுல வாப்பான்னா போன்தான்க்கா. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவாக, பெட்டி பிரிப்பாக, புள்ளை மடியில ஏறிப் பழகுறதுக்குள்ள கிளம்பிருவாக. ஆனா இவுக அப்படி விட்டுட்டு இருக்கல. இவ ஏதாவது சேட்டை பண்ணினா நான் வாட்ஸப்புல வாய்ஸாப் பேசி அனுப்பிருவேன். இன்னைக்கு உங்க மக இன்ன வேலை பண்ணினான்னு. அவுக வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் பதில் பேசி அனுப்புவாக. நான் போனை இவ காதுல வச்சிருவேன். அதுல திட்டு இருக்கும், அன்பும் இருக்கும். அடங்கிருவா. புருஷன் பக்கத்துல இருக்கிற பொம்பளைகளே என்னையப் பாத்துப் பொறாமைப்படுவாக, அங்கன இருந்தே புள்ளையை எப்படி வச்சிருக்காருன்னு.

எல்லாம் இந்த போன்லதான் இருக்கு. சாப்பிடாததுக்கு ஒண்ணு. வீட்டுப்பாடம் எழுதாததுக்கு ஒண்ணு. மதினி மகனை அடிச்சதுக்கு ஒண்ணு. நான் எதையும் அழிக்கல. என்ன சேட்டை பண்றாளோ அதுக்குள்ளதை எடுத்துப் போடுவேன்.

கொஞ்சம் கிட்ட வாங்கக்கா. தூங்கிட்டாதான், இருந்தாலும்.

அவுக இல்லக்கா. மௌத்தாகிட்டாக. போன நோன்புக்கு முந்தி. ராத்திரி படுத்தவுக காலையில எந்திரிக்கல. ரூம்ல கூட இருந்தவுக போன் பண்ணினாக. அங்கனயே அடக்கம் பண்ணிட்டாக. மையத்தை, அதான் உடம்பை, இங்க கொண்டு வந்து சேர்க்கிறதுக்கு எத்தனை நாள் ஆகுமோ, அதுவரைக்கும் அவுகளைக் குளிர்பெட்டியில போட்டு வைக்கணுமான்னு அவுக உம்மா, எம் மாமிதான் அழுதாக. நானும் சரின்னுட்டேன். அதனால இங்க ஒண்ணும் வரல. ஒரு பெட்டி வந்துச்சு, அவுக துணிமணி. அதையும் மாமி வீட்டு மேல் ரூம்ல ஏத்தியாச்சு.

ருகையாவுக்குத் தெரியாது. தெரியவே கூடாதுன்னு நான்தான் கண்டிஷனாச் சொல்லிட்டேன். வாப்பான்னா உசுரு அவளுக்கு, தாங்கமாட்டா. மறைக்க வேணாம்னு மாமி சொன்னாக, பள்ளிவாசல் ஹஜரத் கூட சொல்லிப் பாத்தாரு. நான் கேக்கல. எம் புள்ளையை எனக்குத் தெரியாதா? எங்கள்ல புருஷன் மௌத்தானா பொம்பளை இத்தா இருக்கணும்க்கா. மாசக் கணக்குல வீட்டை விட்டு வெளிய வரக்கூடாது. நகை கூடாது, நல்ல துணி கூடாது. வெள்ளைச் சேலையில ரூமுக்குள்ள உக்காந்திருக்கிறதைப் புள்ளை பாத்தா கேள்வி கேப்பாள்ல. அதனால அவளை மதினி வீட்டுக்கு அனுப்பிட்டேன், ரெண்டு வீடு தள்ளித்தான். உம்மாவுக்கு ஒட்டுற காய்ச்சல், யாரும் கிட்டப் போகக் கூடாதுன்னு சொல்லச் சொன்னேன். பொழுது சாயும்போது வாசல் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிப்பா. கீழ சந்து வழியா பிஸ்கட்டைத் தள்ளி விடுவா. நான் உள்ளேயிருந்து பேசமாட்டேன். பேசினா குரல் காட்டிக் குடுத்துருமே.

தெருவே வாயைக் கட்டிக்கிட்டு இருக்குக்கா. அல்லா மேல ஆணையா ஒருத்தரும் சொல்லல. முன்னாடியெல்லாம் நச்சரிப்பா, வாப்பா எப்ப வருவாக, எப்ப வருவாகன்னு. இப்பக் கேக்குறதே இல்ல. ஒரு தடவை கூட இல்ல. மறந்துட்டா. புள்ளைதானே.

சேட்டைதான் கூடிப்போச்சு. இத்தா முடிஞ்சு நான் வெளிய வந்த அன்னைக்கே ஆரம்பிச்சா. அடுப்படியில உக்காந்து அவுக போட்டோவைப் பாத்துட்டு இருந்தேன். இவ வந்து நின்னது கூட எனக்குத் தெரியாது. அலமாரியில அவுக ஒரு பெருநாளைக்குக் கொண்டு வந்த கண்ணாடி தம்ளர் செட்டு இருக்கு. அதுல ஒண்ணை எடுத்து என் காலடியில போட்டா. தவறி விழலக்கா, போட்டா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. கை தானா போனைத் தேடுது. கண்ணாடி ஒடச்சதுக்குன்னு ஒரு திட்டு இருக்கு, அவ சின்னதுல ஒரு கிளாஸை ஒடச்சப்ப அவுக அனுப்பினது. அதைப் போட்டேன்.

அது திட்டே இல்லக்கா. திட்ட ஆரம்பிப்பாக, ஏய் ருக்குன்னு. பாதியில சிரிப்பு வந்துரும். அப்புறம் எங்கிட்டப் பேச ஆரம்பிச்சிருவாக. எனக்குத் திட்ட வரமாட்டேங்குது ஜீனத்து, ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போகுது, செருப்பைப் போட்டுக்கிட்டுக் கூட்டு, கால்ல குத்திரப் போகுதுன்னு. அன்னைக்கு நான் ஒரு கிளாஸுக்காக அழுதிருப்பேன் போல, அதுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாக கடைசியில. அதைக் கேட்டு நான் சிரிச்சேனாம். இத்தனை மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் உன் பல்லைப் பாத்தேன்னு மதினி சொன்னாக. எனக்கு ஞாபகம் இல்ல.

அதோட புடிச்சா பாருங்க. வீட்ல எவர்சில்வர் இருக்கு, பிளாஸ்டிக் இருக்கு, அதுல கை வைக்கமாட்டா. கண்ணாடியாத் தேடிப் போய் எடுப்பா. ஊறுகாய் பாட்டில், முகம் பாக்குற கண்ணாடி, மாமியோட மருந்து பாட்டில், எல்லாம் போச்சு. கொழுப்பு. வேற என்ன சொல்றது? நானும் ஒவ்வொரு தடவையும் அந்தத் திட்டைப் போடுவேன், கேப்பா, அடங்குவா. ரெண்டு நாள்ல மறுபடி.

கடைசியா மதினிதான் ஒரு டாக்டரம்மா அட்ரஸ் வாங்கிக் குடுத்தாக. மருந்து குடுக்குற டாக்டர் இல்ல, பேசுற டாக்டர். சின்ன வயசு, வெண்ணிலான்னு பேரு. சரி, புள்ளையைக் கூப்பிட்டு நாலு அதட்டுப் போடுவாகன்னு நெனச்சேன். அவுக என்னடான்னா என்னைய விளையாடச் சொல்றாக. தினம் அஞ்சு நிமிஷம் புள்ளை கூட உக்காரணுமாம். என்ன விளையாட்டுன்னு அவதான் சொல்லணுமாம். நான் இதைச் செய், அதைச் செய்யாதேன்னு சொல்லக் கூடாது, கேள்வி கேக்கக் கூடாது, அவ என்ன பண்றாளோ அதை அப்படியே வாயால சொல்லிட்டு வரணும். பொம்மைச் செங்கலை அடுக்குறே, சிவப்பை மேல வைக்கிறே, அப்படி. கிரிக்கெட்டுக்குப் பேசுவாகள்ல, அந்த மாதிரி. நல்லதாப் பண்ணினா உடனே பாராட்டணும். சின்னச் சின்ன சேட்டையைக் கண்டுக்கக் கூடாது.

கேக்க லேசா இருக்கு, உக்காந்து பாருங்க. டாக்டரம்மா முன்னாடி மொத நாள் நான் வாயைத் தொறந்தா எல்லாம் அதட்டலாத்தான் வருது. நேரா உக்காரு, ஏன் அதை எடுக்குறே, சட்டையை இழுத்து விடு. அந்தம்மா மூலையில உக்காந்து பாத்துட்டு இருந்தாக. பழகினா வந்துரும்னாக. வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. எழுதுறா, சாப்பிடுறா, டீச்சரைக் கடிக்கிறதை விட்டுட்டா. கோவம் வந்தா ஊதுறதுக்குன்னு ஒரு காத்தாடி குடுத்திருக்காக, அந்தா கையில வச்சிருக்கா பாருங்க. மெதுவா மூச்சை இழுத்து ஊதினா கோவம் எறங்குமாம். ஊதுறா. எல்லாம் சரியாப் போச்சு, இந்தக் கண்ணாடி ஒண்ணைத் தவிர.

இன்னைக்குத்தான் டாக்டரம்மாவுக்கும் எனக்கும் முட்டிக்கிச்சு.

ருகையா பொம்மை வச்சு விளையாடினா. ஒரு பொம்மைக்கு வெள்ளைக் கைக்குட்டையைப் போத்தி மூலையில படுக்க வச்சா. சுத்தி செங்கலை அடுக்கி அடைச்சா. இது உம்மா பொம்மையாம், இதுக்குக் காய்ச்சலாம், யாரும் பேசக் கூடாதாம். நானும் சொல்லிக் குடுத்தபடி சொல்லிட்டு வர்றேன், உம்மா பொம்மைக்குக் காய்ச்சல், நீ கதவை மூடுறேன்னு. டாக்டரம்மா மெதுவா வந்து பக்கத்துல உக்காந்து, இந்தக் காய்ச்சலுக்கு என்ன மருந்துடா கண்ணுன்னு கேட்டாக. இவ சுத்தி முத்திப் பாத்துட்டு, விளையாட்டு போன் ஒண்ணு கிடந்துச்சு, அதை எடுத்து அந்தப் பொம்மை காதுல வச்சா. போன் பைத்தியம். இப்பப் பொறக்குற புள்ளைக எல்லாம் அப்படித்தானே.

டாக்டரம்மா முகம் மாறிப்போச்சு. ருகையாவை வெளிய ஆயாகிட்ட அனுப்பிட்டு, இவ வாப்பா கூட நான் ஒரு தடவை வீடியோவுல பேசணும்னாக. லீவு இல்ல, நெட்டு இல்லன்னு சமாளிச்சுப் பாத்தேன். அவுக என் கண்ணையே பாத்துட்டு இருந்தாக. சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன், போன்ல போடுறது வரைக்கும்.

திட்டுவாகன்னு பாத்தேன், திட்டல. ஒவ்வொரு தடவையும் அவ ஒடைக்கிறதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கேட்டாக. நான் என்ன பண்ணுவேன்? சும்மா இருந்திருப்பேன். துணி மடிச்சிருப்பேன். இவ வாப்பா சட்டை ஒண்ணு மாமி வீட்ல இருந்து கலந்து வந்துருச்சு, அதை மடிச்சிட்டு இருந்தேன் ஒரு நாள். தொழுதுட்டு முசல்லாப் பாயில உக்காந்திருந்தேன் ஒரு நாள். எல்லாம் சும்மா இருந்த நேரம்தான்க்கா. அந்த வாய்ஸ் ஓடும்போது ருகையா எங்க பாக்குறான்னு அடுத்த கேள்வி. எனக்கெப்படித் தெரியும்? நான் கண்ணை மூடிக்கிட்டு இல்ல கேப்பேன்.

அதுக்கு அவுக ஒண்ணு சொன்னாக. என் காதுல இன்னும் அது போகமாட்டேங்குது. "வாப்பா இல்லைன்னு அவளுக்குத் தெரியும்னு நினைக்கிறேன்மா. உங்களுக்குத்தான் தெரியாதுன்னு அவ நினைச்சுட்டு இருக்கா."

இது என்ன பேச்சுக்கா? எனக்குத் தெரியாதாம். கட்டின புருஷன் மௌத்தானது எனக்குத் தெரியாதாம். படிச்சவுகன்னா என்ன வேணா சொல்லலாமா?

இனிமே ஒடச்சா அந்த வாய்ஸைப் போடக் கூடாதாம். வீடு அமைதியா இருக்கும்போது ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து கேக்கணுமாம். அதுக்கு முன்னாடி நானே என் வாயால அவகிட்டச் சொல்லணுமாம், வாப்பா மௌத்தாகிட்டாகன்னு. தூங்குறாக, ஊருக்குப் போயிருக்காகன்னு சுத்தி வளைக்காம, அந்த வார்த்தையையே சொல்லணுமாம். அப்புறம் நாம சேர்ந்து அழலாம்னாக. அவுகளுக்கென்ன, சொல்லிட்டாக. சொன்ன பிறகு இந்த போனுக்குள்ள யாரு இருப்பாக? இப்பப் போட்டா தமாம்ல இருந்து பேசுறாக. நான் சொல்லிட்டேன்னா, அப்புறம் கபுர்க் குழிக்குள்ள இருந்து பேசினதாத்தானே ஆகும்? நான் வரமாட்டேன் இனிமேன்னு சொல்லாம சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நான் இன்னும் அந்த நம்பருக்குப் பேசி அனுப்பிட்டுத்தான் இருக்கேன். பழகிப்போச்சு. பொழுது சாஞ்சா கை நிக்கமாட்டேங்குது. இன்னைக்கு உங்க மக இதைப் பண்ணினா, அதைப் பண்ணினான்னு. ஒத்தை டிக்குதான் விழும், போய்ச் சேராதுன்னு அர்த்தம். போன வாரம் ரெண்டு டிக்கு விழுந்துச்சுக்கா. கொஞ்ச நேரத்துல நீலமாச்சு. யாரோ கேட்டுட்டாக. அந்த நம்பரை வேற யாருக்கோ குடுத்திருப்பாகன்னு மதினி மகன் சொல்றான். இருக்கும். அந்த நம்பர் போட்டோவுல இப்ப யாரோட காரோ நிக்குது. ஆனாலும் அந்த ஒரு நிமிஷம், அக்கா, அந்த நீலத்தைப் பாத்த ஒரு நிமிஷம் நான் வாசக் கதவைத் தொறந்து வச்சிட்டேன். எதுக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. பதில் வரும் வரும்னு விடிய விடிய அந்தப் போனை நெஞ்சுல வச்சுக்கிட்டு...

ஒண்ணுமில்லக்கா. தூசி. இந்த ரோட்டுல எப்பவும் இப்படித்தான்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், இவ கை வளையலைச் சொல்லலையே. டாக்டரம்மாகிட்டக் கோவிச்சுக்கிட்டு வந்தாலும் அவுக சொன்னதுல நல்லதை விடக் கூடாதுல்ல. காலையில அந்தப் பெரியவர்கிட்ட ருகையா தானாவே போய் மன்னிப்புக் கேட்டா. அதைப் பாராட்டணும்னு மாட்டுத்தாவணியில ஒரு டஜன் வளையல் வாங்கிக் குடுத்தேன். ரப்பர் வளையல் வாங்குடின்னேன், ம்ஹூம், கண்ணாடி வளையல்தான்னா. ரெண்டு கையிலயும் போட்டு எவ்வளவு அழகா...

ஏய் ருக்கு. எப்ப முழிச்ச நீ?

கையை எடு. ஜன்னல் கம்பியில அடிக்காத. ருக்கு, வேணாம், வாப்பாகிட்டச் சொல்லிருவேன். ருக்கு.

பாத்தீகளா. பாத்தீகளாக்கா. நீங்களே பாத்தீகள்ல, யாரு இவளை என்ன சொன்னா? நாம பாட்டுக்குப் பேசிட்டு வந்தோம். ஒரு வளையல் மிச்சம் இல்ல, எல்லாம் சுக்கு நூறு. கையைக் காட்டு. ரத்தம் வருது பாரு. வலிக்கலையாம். ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாருங்க, கல்லு மாதிரி உக்காந்திருக்கா. அக்கா, இந்த முந்தானையை அவ கையில கொஞ்சம் அழுத்திப் புடிங்க. நான் போனை எடுக்குறேன்.

டாக்டரம்மா சொன்னா சொல்லிட்டுப் போறாக. இப்ப இதைப் போடாம வேற எதைப் போடுறது?

சத்தம் கேக்குதா உங்களுக்கு? இந்தா, ஆரம்பிச்சிட்டாக. ஏய் ருக்குங்கிறாக பாருங்க. இப்பச் சிரிப்பாக. இந்தா சிரிச்சிட்டாக. செருப்பைப் போட்டுக்கிட்டுக் கூட்டு ஜீனத்து... கேளுங்க, கடைசியில சொல்றதைக் கேளுங்க.

"நீ அழாத ஜீனத்து. நான் இருக்கேன்ல."

கேட்டீகளா. இன்னொரு தடவை போடுறேன். நான் கண்ணை மூடிக்கிறேன்க்கா, எனக்கு அப்படித்தான் கேக்க வரும். நீங்க ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அந்தம்மா கேட்டாகள்ல, அவ எங்க பாக்குறான்னு. நீங்க பாத்துச் சொல்லுங்க. போனைத்தானே பாக்குறா?

இல்லையா?

என்னையவா? என்னைய எதுக்குக்கா பாக்குறா?